பழையது பதிவா, காதா?

விருதுநகர்ப் பக்கம் சங்கீதப் பிரியர்கள் இருவர் சந்தித்துக்கொண்டால், சுகம் விசாரித்த கையோடு அடுத்த கேள்வி வந்துவிடும்.

"இப்ப என்ன கேட்டுக்கிட்டு இருக்கீங்க, அண்ணாச்சி?"

"காருகுறிச்சி நாயனம்தான். 'சிங்கார வேலனே' பாட்டை நேத்து ராத்திரி ரெண்டு தடவை கேட்டேன். ஆனா குரலும் நாயனமும் முன்ன மாதிரித் தெளிவாப் பிரிஞ்சு கேட்கலையே. பதிவு பழசாயிட்டுதோ?"

இக்கேள்வியை நாம் சற்று ஆராய்வோம். காருகுறிச்சி அருணாசலம் (1921-1964) டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். சாத்தூருக்குத் தெற்கே உள்ள கோவில்பட்டியில் அவருக்குச் சிலை உண்டு. 1962-ல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலும் அருணாசலத்தின் நாகஸ்வரமும் ஆபேரி ராகத்தில் ஒன்றையொன்று துரத்திச் செல்கின்றன. இரண்டும் ஒரே சுரத்தைத் தொடும்போதுகூட, இது குரல், இது நாயனம் என்று காது எப்படிக் கண்டுகொள்கிறது?

மேற்சுரங்கள் செய்யும் வேலை

ஒரு சுரத்தின் அதிர்வெண் விநாடிக்கு 400 என்று வைத்துக்கொள்வோம். பாடுபவர் அச்சுரத்தைப் பிடிக்கும்போது 400 மட்டும் எழுவதில்லை. 800, 1200, 1600 என்று அதன் மடங்குகளும் சேர்ந்தே எழுகின்றன. முதலாவது அடிப்படைச் சுரம், மற்றவை மேற்சுரங்கள். நாயனத்திலும் அப்படியே. ஆனால் எந்த மேற்சுரம் எவ்வளவு வலுவாக ஒலிக்கிறது என்பது குரலுக்கு ஒரு விதம், சீவாளி அதிரும் நாயனத்துக்கு வேறு விதம். இந்த வேறுபாட்டைக் கொண்டே காது இரண்டையும் பிரித்தறிகிறது. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-ல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக விளக்கினார்.

தம்பூராவில் தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு சிறு நூலை நுழைத்து, சரியான இடத்தில் நிறுத்தியதும் 'கொய்ங்' என்று ரீங்காரம் எழுகிறதல்லவா? அதுவும் மேற்சுரங்களின் பெருக்கமே. சர் சி. வி. ராமன் 1921-ல் இதைப் பற்றி ஆராய்ந்து எழுதினார்.

ஆகவே, பாட்டின் மெட்டு அடிப்படைச் சுரத்தில் இருக்கிறது. நாதத்தின் அழகோ மேற்சுரங்களில் இருக்கிறது. மேலே சொன்ன 400-ன் பத்தாவது மடங்கு 4000. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கருவியின் குறையா?

முதலில் கருவியைச் சோதிப்போம். மின்சாரம் இல்லாத அந்நாளில், குழலுக்கு முன் பாடிப் பதிவு செய்த இசைத்தட்டுகளில் ஏறத்தாழ 2500-க்கு மேற்பட்ட அதிர்வுகள் ஏறவில்லை. 1925-ல் மின்முறைப் பதிவு வந்ததும் இந்த எல்லை 5000 வரை உயர்ந்தது. மத்திய அலை வானொலியிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். 1982-ல் வந்த குறுந்தகடு 20,000 வரை தருகிறது. மனிதக் காதின் எல்லையும் அதுவே.

எனவே நண்பர் அதே பாட்டை வேறொரு நல்ல கருவியில் கேட்டுப் பார்க்க வேண்டும். அப்போதும் மங்கலாகக் கேட்கிறது, ஆனால் வீட்டிலுள்ள பள்ளிப் பிள்ளைக்குத் தெளிவாகக் கேட்கிறது என்றால், பதிவின்மேல் பழி போட முடியாது.

உட்செவியில் நடப்பது

உட்செவியில் நத்தைக் கூடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. காக்ளியா என்பது அதன் பெயர். அதை நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். அதற்குள் ஏறத்தாழ 15,000 மயிர்ச் செல்கள் வரிசையாக அமைந்துள்ளன. வாசலருகே உள்ளவை உயர்ந்த அதிர்வுகளையும், உள்முனையில் உள்ளவை தாழ்ந்த அதிர்வுகளையும் உணர்கின்றன. இந்த இட அமைப்பு பற்றிய ஆராய்ச்சிக்காகவே பெக்கெஷி 1961-ல் நோபல் பரிசு பெற்றார்.

பேரொலி தாக்கும்போது இச்செல்களின் நுண்மயிர்கள் வளைந்து ஒடிகின்றன. தோலில் காயம் பட்டால் புதுத்தோல் வளரும். மனிதக் காதிலோ செத்த மயிர்ச் செல் மீண்டும் முளைப்பதில்லை. பெரும்பாலும் முதலில் கெடுவது 4000 அதிர்வைச் சுற்றிய பகுதி. மேற்சுரங்கள் குடியிருக்கும் இடமும் அதுதான்! மெட்டு கேட்கிறது, பேச்சும் ஓரளவு விளங்குகிறது. ஆகவே காது கெட்டதை நாம் அறிவதே இல்லை.

வெடியும் காதும்

காது கெடுவதற்கு முதுமை ஒரு காரணம். இராசபாளையத்து நூற்பாலையோ சிவகாசி அச்சகமோ போன்ற இயந்திரக் கூடங்களில் ஆண்டுக்கணக்கில் கேட்கும் இரைச்சலும் காரணமாகலாம். மூன்றாவது காரணம் வெடி. விருதுநகர் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் ஆனாலும், தீபாவளி ஆனாலும், வெடிச்சத்தம் இல்லாத விழா நம் பக்கம் ஏது?

தொடர்ந்த பேரொலி கேட்டால் நடுச்செவியின் சிறு தசை இறுகி ஓரளவு காப்பாற்றும். ஆனால் அது இறுகுவதற்குள் வெடியோசை உள்ளே போய்விடுகிறது. கள்வன் போனபின் கதவடைத்த கதைதான்!

4 மீட்டர் தொலைவில் வெடியின் உச்ச அளவு 145 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று 1999-ல் இந்திய அரசு விதித்தது. உச்ச ஒலி பெரியவர் காதுக்கு 140-ஐயும், குழந்தையின் காதுக்கு 120-ஐயும் தாண்டக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனம் அதே ஆண்டில் தந்த வழிகாட்டுதல். திறந்த வெளியில் தொலைவு இருமடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். 145 என்பது 8 மீட்டரில் 139 ஆகும், 16-ல் 133, 32-ல் 127, 64-ல் 121. அதாவது, விதியின் எல்லையைத் தொடும் ஒரு வெடியிலிருந்து பெரியவர் 8 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். குழந்தையோ 70 மீட்டருக்கும் மேல் தள்ளி நிற்க வேண்டும். திரியைக் கிள்ளிப் பற்ற வைத்துவிட்டு நாலடி ஓடித் திரும்பிப் பார்க்கும் சிறுவனை எண்ணிப் பாருங்கள்.

என்ன செய்யலாம்?

வெடிக்குத் தூர நில்லுங்கள். காதை அழுத்திப் பொத்துங்கள். மத்தாப்பும் சங்குசக்கரமும் காதை வருத்தாமல் கண்ணுக்கு விருந்தளிப்பவை. இரைச்சலான இடத்தில் வேலை செய்வோர் காதடைப்பான் அணிய வேண்டும். காதில் காதொலிப்பானைச் செருகிப் பாட்டுக் கேட்பவர்கள் ஒலியைத் தாழ்த்தி வைக்க வேண்டும். வெடிக்குப் பின் காதில் 'கிய்ங்' என்ற ஓசை நின்றால், அது எச்சரிக்கை மணி. மறுநாளும் தீராவிட்டால் தாமதிக்காமல் காது மருத்துவரிடம் போக வேண்டும். இரவில் வயலோரத்துச் சில்வண்டின் ஓசை ஏறத்தாழ 4000, 5000 அதிர்வுகள் கொண்டது. மற்றவர்க்குக் கேட்டு உங்களுக்கு மட்டும் கேட்காவிட்டால், செவிச் சோதனை செய்துகொள்ளுங்கள்.

பழைய இசைத்தட்டு தேய்ந்தால் வேறு பிரதி தேடலாம். வானொலிப் பெட்டி கெட்டால் புதிது வாங்கலாம். காதுக்கு மறுபிரதி இல்லை. அடுத்த முறை நண்பரைச் சந்திக்கும்போது "என்ன கேட்கிறீர்கள்?" என்பதோடு நிறுத்தாமல், "நன்றாகக் கேட்கிறதா?" என்றும் ஒரு வார்த்தை விசாரியுங்கள்.