பல் கட்ட ஒரு பிரயாணம்

வீட்டுக்குச் சக்கரம் முளைத்தால் எப்படி இருக்கும்? அடுப்பு, கட்டில், குளியலறை எல்லாம் அடங்கிய மோட்டார் வண்டி! கானடாவிலும் அமெரிக்காவின் வட பகுதியிலும் பனி கொட்டத் தொடங்கியதும், ஓய்வு பெற்ற தம்பதிகள் பலர் இத்தகைய வண்டியை ஓட்டிக்கொண்டு, அரிஸோனா மாகாணத்து யூமாவுக்கு வந்துவிடுகிறார்கள்.

வெயில் காய மட்டுமா? ஒரு நாள் காலையில் பாஸ்போர்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எல்லை ஓரத்தில் காரை நிறுத்திவிட்டு, பொடிநடையாக மெக்ஸிகோவுக்குள் நுழைகிறார்கள். ஊரின் பெயர் லாஸ் அல்கோடோனெஸ். ஸ்பானிய மொழியில் பருத்தி என்று அர்த்தம். ஆனால் அங்கே அமோக விளைச்சல் பல்தான்! சில தெருக்களுக்குள் நூற்றுக்கணக்கான பல் வைத்தியர்கள். 'கடைவாய்ப் பல் நகரம்' என்றே செல்லப் பெயர்.

சிரிக்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள். 1965-ல் சட்டமான அமெரிக்காவின் 'மெடிகேர்' என்ற முதியோர் வைத்தியத் திட்டம், பல் அடைப்பதற்கோ பல் செட்டுக்கோ பொதுவாகப் பணம் தருவதில்லை. உள்ளூர்க் கட்டணமோ மலைக்க வைக்கிறது. செல்வம் கொழிக்கும் தேசத்தில், ஒரு பாட்டி ஆப்பிளைக் கடித்துத் தின்ன அயல்நாடு போக வேண்டியிருக்கிறது!

திரும்பும்போது நீண்ட வரிசை. 2009 முதல் தரைவழியில் திரும்பும் பெரியவர்களும் பாஸ்போர்ட்டோ, அதற்கு ஈடான அட்டையோ காட்டியாக வேண்டும். மரத்துப்போன வாயோடு, மருந்துப் பொட்டலமும் புது மூக்குக் கண்ணாடியுமாகப் பொறுமையாக நிற்கிறார்கள்.

தெருமுனைப் பல் வைத்தியரிடம் போக 'நாளைக்கு, நாளைக்கு' என்று நாள் கடத்துகிறீர்களே, அவர்களைச் சற்று நினைத்துக்கொள்ளுங்கள்!