நீரும் ஊரும் – 17: எத்தனை மணி நேரம் இருட்டு?

கடற்கரையில் நிலாவைப் பார்த்தால் முதலில் நீரேற்றம்தான் நினைவுக்கு வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும், அட்டமியை ஒட்டிச் சிறுத்துவிடும். பவானிசாகரில் அந்தக் கணக்குக்கு வேலையே இல்லை. வட அமெரிக்காவின் பேரேரிகளிலேயே நிலாவின் இழுப்பால் தண்ணீர் 5 சென்டிமீட்டருக்கு மேல் உயராது என்கிறார்கள். 1955இல் கட்டி முடித்த நம் அணையில் நீர்மட்டத்தை ஏற்றி இறக்குவது பில்லூரிலிருந்தும் மாயாற்றிலிருந்தும் வரும் தண்ணீரும், கீழ்பவானி வாய்க்காலுக்குத் திறக்கிற மதகும்தான்.

கோவையிலிருந்து தூண்டிலோடு கிளம்பும் இளைஞர்கள் பலர் இன்று கைபேசியில் ஓர் அட்டவணையைப் பார்க்கிறார்கள். நிலா உச்சிக்கு வரும்போதும், நமக்கு நேர் கீழே பூமியின் மறுபக்கத்தில் நிற்கும்போதும் மீன் நன்றாக இரை எடுக்கும் என்று அது நேரம் குறித்துக் கொடுக்கும். ஜான் ஆல்டன் நைட் என்ற அமெரிக்கர் 1926இல் முன்வைத்த கருத்திலிருந்து வந்தது இது. அணைத் தண்ணீருக்கு இதை நான் நம்புவதில்லை. நிலா இங்கே வேலை செய்வது வெளிச்சமாகத்தான், அதைக் கணக்கிட வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியே போதும்.

பரிசலில் போய்ப் பொழுது சாயும்போது வலை விரித்து விடியலில் எடுப்பது அணை மீனவர்களின் வழக்கம். வலையைக் கண்டால் மீன் விலகிப் போய்விடும். காணாமல் வந்து மோதினால்தான் செவுள் கண்ணியில் மாட்டும். ஆகவே இரவில் எத்தனை மணி நேரம் இருட்டு என்பதுதான் கேள்வி. வளர்பிறை அட்டமியன்று நிலா நடுநிசி வாக்கில் மறையும், இருட்டு பின்னிரவுக்குத்தான். தேய்பிறை அட்டமியில் நடுநிசி வாக்கில்தான் உதிக்கும், அதனால் முன்னிரவு முழுக்க இருட்டு. நாளொன்றுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகிறது என்று வைத்துக்கொண்டால் மற்ற நாட்களுக்கும் கணக்கு வந்துவிடும். முன்னிரவு இருட்டு உள்ள நாளில் வலையைச் சீக்கிரம் இறக்க வேண்டும். பின்னிரவு இருட்டு என்றால் அவசரமில்லை. கெளுத்திக்குத் தூண்டில் போடுகிறவருக்கும் இதே கணக்கு உதவும். மீசையால் துழாவி, வாசனை பிடித்து இரை தேடும் மீன் அது, இருட்டு அதற்குத் தடையே இல்லை.

பௌர்ணமி கழிந்த அடுத்த சில இரவுகள் தனி ரகம். மொசாம்பிக்கில் ஜாம்பேசி ஆற்றின் மேல் கட்டிய கஹோரா பாஸா அணையைப் பற்றிப் போலந்து ஆய்வாளர் கிளிவிச் 1986இல் எழுதியிருக்கிறார். பகலில் ஆழத்தில் ஒளிந்திருக்கும் விலங்கு மிதவைகள், அதாவது தண்ணீரில் மிதக்கும் நுண்பூச்சிகள், பொழுது விழுந்ததும் இருட்டை நம்பி மேலே வருகின்றன. இரண்டொரு மணி நேரம் கழித்துத் திடீரென்று பெருநிலா உதிக்கிறது. திரும்ப இறங்க நேரமில்லாமல், அங்கே திரியும் சின்னஞ்சிறு மத்தி மீன்களுக்கு அவை மொத்தமாக இரையாகிவிடுகின்றன. பொறி வைத்தது போல இது மாதாமாதம் நடக்கிறது. நம் அணைகளில் விடும் கட்லாவும் மேல்மட்டத்தில் விலங்கு மிதவைகளைத் தின்று வளர்வதுதான். நிலவொளியில் மீன் பட்டினி கிடக்கும் என்ற எண்ணத்தை இது புரட்டிப் போடுகிறது. வலைக்கு மோசமான இரவு மீனுக்கு விருந்தாகவும் இருக்கலாம்.

இதெல்லாம் தெளிந்த தண்ணீருக்கு. தென்மேற்குப் பருவமழையில் புதுத்தண்ணி கலங்கலாக வந்து சேரும் நாட்களில் நிலாக் கணக்கு படுத்துவிடும். பௌர்ணமியானாலும் கலங்கலில் வலை தெரியாது, அதோடு ஆடி மாதத்து மேகத்தில் நிலாவே தெரியாது.

வலையில் விழுந்தது விற்கவும் வேண்டுமே. அங்கே இன்னொரு நிலா குறுக்கே வருகிறது. வலைக்கு மிக நல்ல இருட்டு அமாவாசையை ஒட்டித்தான். ஆனால் அமாவாசைக்குக் கொங்கு வீடுகள் பலவற்றில் அடுப்பில் மீன் ஏறாது. முன்னோருக்குப் படைத்து, காக்கைக்குச் சோறு வைத்துச் சைவமாகவே சாப்பிடுவார்கள். கூடையோடு வாசலில் நின்றால், "இன்னைக்கு அமாவாசைங்க, வேண்டாங்க" என்ற பதில்தான். இதே பவானி ஆறு காவிரியோடு சேரும் கூடுதுறையில் ஆடி அமாவாசைக்குக் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, அந்தக் காலையில் மீன் என்ன விலைக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. கிருத்திகை, சஷ்டிக்கு விரதம் இருக்கும் முருக பக்தர்களும் இங்கே ஏராளம்.

ஆகவே என் கணக்கில் சிறந்த இரவு, அமாவாசை முடிந்து பாட்டிமை விடியும் இரவு. நல்ல காரியம் எதையும் தொடங்க மாட்டோம் என்று பலர் ஒதுக்கிவைக்கும் திதி அது. வலைக்கோ இருட்டு இன்னும் முழுசாக இருக்கும், விரதம் முடித்த வீடுகளும் மீன் வாங்கத் தயாராக இருக்கும். அது ஞாயிற்றுக்கிழமையாக அமைந்துவிட்டால் முதல் நாள் கிடைக்காத விலையும் கிடைக்கும். புரட்டாசியில் மட்டும் இது பலிக்காது. அந்த மாதம் முழுக்க அணை மீன் எங்கே போகிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)