கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு எட்டவில்லை

வீட்டு வலை – 9

பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி ஸ்விட்சைப் போட்டதும் பழைய கம்ப்யூட்டர் உறுமிக்கொண்டு எழுந்துவிடுகிறது. விண்டோஸ் எக்ஸ்பியின் பச்சைப் புல்வெளி திரையில் விரிகிறது. உள்ளே 2006-ல் நடந்த அக்கா கல்யாணப் படங்கள் பத்திரமாக இருக்கின்றன. மேசைமேல் விண்டோஸ் 11 போட்ட புது லேப்டாப். இரண்டும் ஒரே ரவுட்டரில்தான் இணைந்திருக்கின்றன. இருக்கிறாயா என்று பிங் கொடுத்தால் பதிலும் வருகிறது. ஷேர் செய்த ஃபோல்டரைத் திறக்கப் போனால் மட்டும் பாதை கிடைக்கவில்லை என்று கைவிரிக்கிறது லேப்டாப்.

பிறகு நடப்பதெல்லாம் பல வீடுகளில் பார்த்த காட்சி. கேபிளைப் பிடுங்கி மாட்டுவார்கள், ரவுட்டரை அணைத்துப் போடுவார்கள், யாரோ சொன்னதைக் கேட்டு ஃபயர்வாலையே நிறுத்திவிடுவார்கள். பிங் ஓடுகிறதென்றால் கம்பியிலோ ரவுட்டரிலோ கோளாறில்லை. லேப்டாப் தெரிந்தேதான் கதவைத் திறக்க மறுக்கிறது.

அந்த மறுப்புக்கு ஒரு பூர்வகதை உண்டு. ஒரு கம்ப்யூட்டரிலுள்ள கோப்பை இன்னொன்று கேட்டு வாங்குவதற்கான பேச்சுமுறைக்கு எஸ்எம்பி என்று பெயர். 1980-களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் பேரி ஃபைகன்பாம் வகுத்தது. மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து வளர்த்தது. விஸ்டாவோடு இரண்டாம் பதிப்பும், 2012-ல் விண்டோஸ் 8-ஓடு மூன்றாம் பதிப்பும் வந்தன. எக்ஸ்பிக்குத் தெரிந்தது முதல் பதிப்பு ஒன்றுதான். வீட்டுக்கு வீடு ஆள்தெரிந்த காலத்தில் எழுதியது அது. திருடன் வருவான் என்ற நினைப்பே அதில் குறைவு.

2016 செப்டம்பரில், மைக்ரோசாஃப்டில் எஸ்எம்பியைக் கவனித்துவந்த நெட் பைல், இந்த முதல் பதிப்பை இனி யாரும் தொடாதீர்கள் என்று வெளிப்படையாகவே எழுதினார். கேட்டவர்கள் கொஞ்சம்பேர். எட்டு மாதம் கழித்து, 2017 மே 12 அன்று, வான்னாக்ரை என்ற நச்சுநிரல் கிளம்பியது. அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏவிடமிருந்து கசிந்த ஒரு தாக்குமுறை, அதே முதல் பதிப்பிலிருந்த ஓட்டை வழியாக ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததற்குத் தாவியது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களின் கோப்புகள் பூட்டப்பட்டன. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. ஓட்டையை அடைக்கும் ஒட்டு மார்ச் மாதமே வந்திருந்தது, போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டினார்கள். 2014 ஏப்ரலிலேயே கைகழுவிய எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஓர் ஒட்டு கொடுக்க வேண்டியதாயிற்று.

2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பில் முதல் பதிப்பு ஓரங்கட்டப்பட்டது. சில வகை விண்டோஸில் ஒரு பாதி மிச்சம் இருந்தது. அதுவும் 15 நாள் யாரும் தொடாவிட்டால் தானாக நீங்கிவிடும். கல்யாணப் படங்களுக்கும் லேப்டாப்புக்கும் நடுவே நிற்பது இந்த முடிவுதான்.

திரும்பத் திறக்க வழி இருக்கிறது. கண்ட்ரோல் பேனலில் விண்டோஸ் வசதிகளைச் சேர்க்கும், நீக்கும் பட்டியலில் எஸ்எம்பி 1.0 என்ற வரி இருக்கும். அதற்குள் தானாக நீக்குதல், கிளையன்ட், சர்வர் என மூன்று. பழைய பெட்டியிலிருந்து எடுக்க மட்டும்தான் வேண்டும் என்றால் கிளையன்டுக்கு மட்டும் டிக் போட்டு, லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தால் போதும். சர்வரைத் தொடவே கூடாது. படங்கள் வந்து சேர்ந்த அன்றே டிக்கை எடுத்துவிட வேண்டும். அதைத்தான் பலரும் மறக்கிறார்கள். அத்துடன், 2024-ல் வந்த விண்டோஸ் 11 புதுப்பிப்பு ப்ரோ வகையில் பாஸ்வேர்டு இல்லாத விருந்தாளி நுழைவையும் தடுத்துவிட்டது. எக்ஸ்பி காலத்து வீட்டு ஷேர்களில் பெரும்பாலானவை அப்படித் திறந்து கிடந்தவைதான்.

இதைவிட நல்ல வழி, பழைய பெட்டிக்குப் புதுப் பேச்சைக் கற்றுக்கொடுப்பது. அதற்கு உதவ ஒருவர் முன்பே உழைத்திருக்கிறார். 1991 டிசம்பரில், கான்பெராவிலிருந்த ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழக மாணவர் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், தன் டாஸ் கம்ப்யூட்டரும் யூனிக்ஸ் சர்வரும் பேசிக்கொள்ள வேண்டும் என்பதற்காகக் கம்பியில் ஓடும் தகவல் பொட்டலங்களை ஒட்டுக்கேட்டு, அந்த மொழியைத் தானே ஊகித்து நிரல் எழுதினார். பிறகு அதற்குப் பெயர் தேவைப்பட்டது. எஸ், எம், பி என்ற எழுத்துகள் அதே வரிசையில் வரும் சொற்களை அகராதியில் கணினியை விட்டுத் தேடினார். அப்படி அகப்பட்டதுதான் சாம்பா என்ற நடனத்தின் பெயர். இன்று அநேகமாக எல்லா லினக்ஸிலும் அது உண்டு.

ஆகவே பப்பி போன்ற இலகுவான லினக்ஸ் ஒன்றை சிடியில் எழுதி, பழைய பெட்டியை அதிலிருந்து கிளப்பலாம். எக்ஸ்பி தூங்கட்டும். லினக்ஸ் அந்த ஹார்டு டிஸ்க்கைப் படித்து, லேப்டாப்பிலுள்ள ஷேர் ஃபோல்டருக்குள் படங்களைத் தள்ளிவிடும்.

லேப்டாப் அங்கே பாஸ்வேர்டு கேட்கும். தினமும் அடிக்கிற நாலு இலக்கப் பின் எண்ணைக் கொடுத்துவிட்டு, தவறு என்று திட்டு வாங்காதவர் குறைவு. பின் எண் அந்த லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமே. நெட்வொர்க் வழியாக வருபவர் கணக்கின் முழு பாஸ்வேர்டைத்தான் தர வேண்டும். அது நினைவில்லை என்றால், பகிர்வதற்கென்றே பாஸ்வேர்டோடு ஓர் உள்ளூர்க் கணக்கு தொடங்குவது சுலபம். லேப்டாப் தன் வைஃபையைப் பொது நெட்வொர்க் என்று நினைத்துக்கொண்டிருந்தாலும் கதவு திறக்காது. அதைத் தனிப்பட்ட நெட்வொர்க் என்று மாற்ற வேண்டும். நெட்வொர்க் பட்டியலில் பெயர் தெரியவில்லையே என்றும் கலங்க வேண்டாம். அந்தப் பழைய பட்டியல் முறையும் முதல் பதிப்போடு சேர்ந்தே போய்விட்டது. ஐபி எண்ணை நேராக அடித்துப் போகலாம்.

இவ்வளவு தொல்லை எதற்கு, ரவுட்டரின் முதுகிலுள்ள யுஎஸ்பி துளையில் ஒரு டிஸ்க்கைச் செருகி இரண்டுக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். செருகுமுன் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அந்தத் துளைக்கு எஸ்எம்பியின் முதல் பதிப்பு மட்டுமே தெரிந்த ரவுட்டர்கள் இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன.