மாத்தளை – தம்புள்ளை: ஒரு பகல் வேண்டிய வீதி

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்கு ஏறத்தாழ 45 கிலோமீற்றர். சுற்றுலா பஸ்கள் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்டு போய்விடும். கண்டியில் தலதா மாளிகையைக் கும்பிட்ட கையோடு சிகிரியாவில் ஏறத் துடிக்கும் வெளிநாட்டு இளைஞர் குழுக்கள் இடையிலுள்ள வீதியில் தூங்கித்தான் போவார்கள். வழிகாட்டி வேலையில் நெடுங்காலம் அந்தக் குழுக்களோடு நானும் போனவன். வாசனைத் திரவியத் தோட்டம் ஒன்றில் இறக்கி, மிளகுக் கொடியையும் கறுவாப் பட்டையையும் காட்டி, சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி ஏற்றினால் மாத்தளை மாவட்டம் அவர்களுக்கு முடிந்துவிடும்.

இப்போது றத்தோட்டை, எல்கடுவைப் பக்கத்துத் தோட்ட இளைஞர்களை அதே வீதியில் கூட்டிப் போகிறேன். அவர்களுக்கு இந்த 45 கிலோமீற்றருக்கு ஒரு முழுப் பகல் வேண்டும். அதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. எங்கள் ஆட்கள் இந்த நாட்டுக்குள் நடந்து வந்த வழி இது.

புறப்படும் முன் முத்துமாரியம்மன் கோயில் வாசலில் நிற்போம். 108 அடி ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்து எல்லோரும் படம் எடுத்து முடிக்கட்டும் என்று காத்திருப்பேன். மாசி மகத்துக்கு ஐந்து தேர் ஓடும் கோயில். பிள்ளைகள் தேர் வடம் பிடித்திருக்கிறார்கள், தீர்த்தத் திருவிழாவில் நனைந்திருக்கிறார்கள். 1983 ஜூலையில் இந்தக் கோயிலும் தேர்களும் எரிக்கப்பட்டதும், திரும்பவும் எழுப்பப்பட்டதும் அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. பெரியவர்கள் சொல்லாமல் விட்டது பிள்ளைகளின் குற்றமாகாது. நான் சொல்லிவிடுவேன், குரலை உயர்த்தாமல், ஆனால் ஒன்றையும் மறைக்காமல்.

முதல் ஆட்கள் வந்தது கோப்பிக்காக. கம்பளைக்குப் பக்கத்தில் சிங்கபிட்டியவில் 1820களில் தொடங்கிய கோப்பித் தோட்டம் மலைநாடு முழுக்கப் பரவியபோது, தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமார் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்தார்கள். தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து இறங்கி, அங்கிருந்து கால்நடை. மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா என்று காட்டு வழியே வந்து மாத்தளையில்தான் மலையைத் தொடுவார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லை. கொலராவும் மலேரியாவும் யானையும் வழியெல்லாம் இருந்தன. நடக்க முடியாதவர்களை விட்டுவிட்டு மற்றவர்கள் போக வேண்டிய நிலைமை. எத்தனையோ பேர் பாதையோரத்தில் பெயரில்லாமல் கிடக்கிறார்கள். உயிரோடு மாத்தளைக்கு வந்தவர்கள் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டதை எங்கள் அப்பாயி, "ஆத்தாதான் கொண்டாந்து சேத்தா" என்று சொல்லும்.

இன்னொன்றையும் விளக்க வேண்டியிருக்கிறது. கோப்பிக்கு ஆள் வேண்டியது பறிப்புக் காலத்தில்தான். அதனால் வந்தவர்கள் பலர் வேலை முடிந்ததும் இதே வழியாகத் திரும்பி நடந்தார்கள், பிறகு மறுபடி வந்தார்கள். தேயிலைக்கு வருடம் முழுக்கக் கொழுந்து பறிக்க வேண்டும். அது வந்த பிறகே லயங்களில் குடும்பங்கள் நிலையாகத் தங்கின. 1914இல் தலைமன்னார் வரை ரயிலும் தனுஷ்கோடிக் கப்பலும் வந்தபின் நடை ஓய்ந்த கதை ஆனது.

கோப்பி ஏன் போனது என்று எப்போதும் ஒரு பிள்ளை கேட்கும். இந்த வீதியோரத் தோட்டங்களில் மிளகுக்கும் கொக்கோவுக்கும் நடுவில் இன்னும் கோப்பிச் செடி நிற்கிறது. இலையைப் புரட்டச் சொல்வேன். மஞ்சளும் செம்மஞ்சளுமாகத் தூள் படிந்திருந்தால் அதுதான் இலைத்துரு நோய். 1869இல் இலங்கையில் தெரிய வந்த அந்தப் பூஞ்சை இருபது வருடத்துக்குள் கோப்பித் தொழிலைப் படுக்க வைத்துவிட்டது. அதே நோய் மத்திய அமெரிக்கத் தோட்டங்களை 2012க்குப் பிறகு கடுமையாகத் தாக்கி, குவாத்தமாலா அவசரநிலை அறிவிக்கும் அளவுக்குப் போனது. அங்கேயும் உலகத்து இளைஞர்கள் பஸ்ஸில் கூட்டமாகப் போய்க் கோப்பித் தோட்டம் பார்க்கிறார்கள். பறிக்கிறவர்களின் பிள்ளைகள் அந்த பஸ்ஸில் இருக்கிறார்களா என்பதே என் கேள்வி.

மாத்தளையை விட்டு மூன்று கிலோமீற்றரில் அளுவிகாரை. வலகம்பா மன்னன் காலத்தில், கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், திரிபிடகம் முதன்முதல் எழுத்தில் ஏறிய இடம். ஓலையில் எழுத்தாணியால் கீறி, கரியும் எண்ணெயும் பூசித் துடைத்ததும் எழுத்து கறுப்பாக எழுந்து வருவதைப் பார்க்கும்போது பிள்ளைகள் கைத்தொலைபேசியை மறந்துவிடுவார்கள். ஓலையில் சாதகம் எழுதிய குடும்பங்கள் எங்களிலும் உண்டு. இந்த விகாரையும் 1848இல் ஆங்கிலேயர் கையால் சேதப்பட்டது.

1848ஐப் பற்றி நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். அந்த வருடம் ஜூலை 26ஆம் திகதி தம்புள்ளை விகாரையில், ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தவர்கள் கொங்காலேகொட பண்டாவுக்கு அரசனாக முடிசூட்டினார்கள். இரண்டு நாளில் கூட்டம் இதே வீதியால் மாத்தளைக்கு வந்து அரசாங்கக் கட்டடங்களைத் தாக்கியது. கிளர்ச்சியின் இன்னொரு தலைவரான புரன் அப்புவை ஆங்கிலேயர் பிடித்து ஓகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் சுட்டுக்கொன்றார்கள். சனத்தைக் கிளர வைத்தது வரிகள்தான்: துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி. அத்தோடு ஆண்கள் வருடத்தில் ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் மூன்று சிலிங் கட்ட வேண்டும். கோப்பி ஏற்றிப் போக வீதி வேண்டும் என்பதற்காகச் சிங்களக் கிராமத்தவரின் முதுகில் ஏற்றிய சுமை அது. அந்தக் கோப்பிக்காகவே தமிழ்க் கூலிகளும் நடந்து வந்தார்கள். இரண்டு சனத்தின் கஷ்டமும் இந்தத் தாருக்கு அடியில் ஒன்றாகக் கிடக்கிறது. பாடப்புத்தகம் இரண்டையும் வெவ்வேறு பாடத்தில் வைத்திருக்கிறது. வீதியில் நின்றால் பிரிக்க முடியாது.

மத்தியானம் நாலந்தாவில் சோற்றுப் பார்சலைப் பிரிப்போம். கெடிகே என்கிற கற்கோயில் அங்கே நீர்த்தேக்கத்தின் ஓரம் நிற்கிறது. அமைப்பு பல்லவர் கோயில் போல, வழிபாடு பௌத்தம். போவத்தன்ன நீர்த்தேக்கம் கட்டியபோது தண்ணீருக்குள் போய்விடும் என்பதால் கல் கல்லாகப் பிரித்து மேட்டில் திரும்ப அடுக்கியிருக்கிறார்கள். தீவின் நடுப்புள்ளி இந்த இடம் என்று சொல்வார்கள். போனமுறை ஒரு பெண் பிள்ளை தூணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது நம்ம கோயிலா, அவங்க கோயிலா சார்?" என்றாள். கட்டினவர்களுக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது என்றேன். என் மனதில் இருந்ததை அப்படியே சொன்னேன்.

பின்னேரம் தம்புள்ளை. குகை விகாரைக்குப் போகுமுன் இப்பன்கட்டுவவில் இறங்குவோம். புத்தர் சமயம் இங்கு வருமுன்பே, கற்பலகைகளால் பெட்டி போல் கட்டிய குழிகளில் இறந்தவர்களின் சாம்பலைத் தாழிகளோடு வைத்த சுடுகாடு. தென்னிந்தியாவின் பெருங்கற்காலக் குழிகளை அப்படியே நினைவூட்டும். அதன் பிறகு பொருளாதார மையம். 1999இல் தொடங்கிய மொத்த மரக்கறிச் சந்தை. நுவரெலியா லீக்சும் யாழ்ப்பாண வெங்காயமும் ஒரே கூரைக்கடியில் கைமாறும். மூட்டை தூக்குகிறவர், லொறிக்காரர், வியாபாரி என்று சிங்களமும் தமிழும் கலந்து கேட்கும். வேலை தேடும் வயதுப் பிள்ளைகள் அங்கே கேட்கும் கேள்விகள்தான் அன்றைய நாளில் மிகக் கூர்மையானவை.

நேரம் இருந்தால் சிகிரியா. ஏறுமுன் கண்ணாடிச் சுவரைப் பற்றி எச்சரிப்பேன். ஆயிரம் வருடத்துக்கு முன் வந்தவர்கள் அதில் கீறிய வரிகளில் 685ஐத் தொல்லியலாளர் பரணவிதான படித்து 1956இல் நூலாக்கினார். 2015இல் கூட்டத்தோடு சுற்றுலா வந்த ஓர் இளம்பெண் அதே சுவரில் பெயர் கீறியதற்காக இரண்டு வருடச் சிறைத்தண்டனை பெற்று, பிறகு ஜனாதிபதி மன்னிப்பில் விடுதலையானார். பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர் அவர்களின் மொழியில் முன்கூட்டியே சொல்ல வேண்டியது கடமை.

2023இல் மலையக மக்களின் 200 வருடத்தை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். ஜூலை 28 தொடங்கி ஓகஸ்ட் 12இல் இங்கே முடிந்தது. வழியில் சிங்கள ஊர்களில் தண்ணீரும் சாப்பாடும் கொடுத்து வரவேற்றார்கள். அந்த நடையில் போக முடியாத பிள்ளைகளுக்கு ஒரு பஸ்ஸும் ஒரு பகலும் போதும்.

மாத்தளை மாவட்டத்துப் பாடசாலை ஆசிரியர்களிடமும் இளைஞர் கழகங்களிடமும் கேட்கிறேன்: அடுத்த சுற்றுலாவில் ஒரு நாளை இந்த வீதிக்கு ஒதுக்குங்கள். பக்கத்துச் சிங்களப் பாடசாலைப் பிள்ளைகளையும் சேர்த்துக் கூட்டிப் போங்கள். முதல் நாள் இரவு வீட்டிலுள்ள மூத்தவரிடம் எங்கள் ஆட்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள் லயங்களில் இன்னும் சிலரே இருக்கிறார்கள்.