முதுகெலும்புப் பிளவும் சிறுநீரகமும்

ஆய்க்குடியில் 1981-இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கும் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கும் மறுவாழ்வு தருகிறது. முதுகெலும்புப் பிளவோடு பிறக்கும் குழந்தைக்கும், தண்டுவடம் அடிபட்டவருக்கும் பொதுவான ஆபத்து ஒன்று உண்டு: சிறுநீரகம் கெடுவது.

ஏன்? சிறுநீர்ப்பை நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் நரம்புகள் தண்டுவடம் வழியே செல்கின்றன. அவை பழுதானால் பை முழுதும் காலியாகாது. தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகும். அழுத்தம் ஏறினால் சிறுநீர் மேல்நோக்கித் திரும்பிச் சிறுநீரகத்தில் தழும்பு விழும்.

எப்படித் தடுப்பது? 1972-இல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லாபிடஸ் காட்டிய வழி: சோப்புப் போட்டுக் கைகழுவி, மெல்லிய குழாயைச் செலுத்தி, சிறுநீர் வடிந்ததும் எடுத்துவிடுவது. பகலில் சுமார் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை. செவிலியரிடம் கற்றுக்கொண்டால் அம்மாவே வீட்டில் செய்யலாம். முதுகெலும்புப் பிளவோடு பிறந்த குழந்தைகளுக்கு லேடக்ஸ் (இயற்கை ரப்பர்) ஒவ்வாமை அதிகம். லேடக்ஸ் இல்லாத குழாயையே கேட்டு வாங்குங்கள். காய்ச்சலோடு சிறுநீர் கலங்கினால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.