அடைத்த பல் மீண்டும் கூசுவதேன்?

மலைப் பலாவும் தேனும் கிடைக்கும் நம் ஊரில் இனிப்புக்குக் குறைவேது? கூடவே சொத்தைப் பல்லும் உண்டு. என் அக்காளுக்குச் சொத்தையை அடைத்தார்கள். ஓராண்டில் அதே பல் மீண்டும் கூசியது. அடைப்பைச் சுற்றிப் பழுப்புக் கோடு. உள்ளே புதிய சொத்தை! அடைத்த பல் கெடுவது ஏன்?

பல்லின் நிறத்திலேயே வைக்கப்படும் 'காம்போசிட்' என்பது பிசினும் நுண்ணிய கண்ணாடித் துகள்களும் சேர்ந்த கலவை. நீல ஒளி பட்டதும் இது இறுகுகிறது. இறுகும்போது ஏறத்தாழ 2 முதல் 3 விழுக்காடு சுருங்குகிறது. பல்லைப் பற்றியுள்ள பிடி தளர்ந்தால் கண்ணுக்குத் தெரியாத இடுக்கு உண்டாகும். அதன் வழியே உமிழ்நீரும் கிருமிகளும் உட்புகும். இதுவே நுண்கசிவு.

இதைத் தடுப்பது பெரிதும் பல்லைப் பக்குவப்படுத்தும் முறையில் இருக்கிறது. பழைய சுவரைக் கொத்திவிட்டல்லவா கொத்தனார் புதுப் பூச்சுப் பூசுகிறார்? அதுபோலவே, 1955இல் அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவனகோர், பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமலைச் சொரசொரப்பாக்கினால் பிசின் நன்கு பற்றும் என்று காட்டினார். எனாமல், நெருக்கமாக அடுக்கிய நுண்கோல்களால் ஆனது. முன்பற்களில் குழியின் விளிம்பைச் சற்றே சரிவாகச் செதுக்கினால் அக்கோல்களின் நுனிகள் வெளிப்பட்டு, பிடிப்பு மிகும், கசிவு குறையும். ஆனால் கடைவாய்ப் பல்லின் மெல்லும் பரப்பில் இப்படிச் செய்தால், விளிம்பில் மெலிந்த காம்போசிட் உடைந்துவிடக்கூடும்.

ஈறை ஒட்டிய இடத்தில்தான் தொல்லை அதிகம். அங்கே எனாமல் மெலிந்தோ இல்லாமலோ இருக்கும்; உள்ளிருக்கும் டென்டினோ ஈரமுள்ளது. 1982இல் ஜப்பானிய அறிஞர் நகபயாஷி, பிசின் டென்டினுக்குள் ஊடுருவிக் கலப்புப் படலம் அமைப்பதை விளக்கினார். ஆயினும் எனாமலில் கிடைக்கும் உறுதி அங்கே எளிதில் கிடைப்பதில்லை. தயார் செய்த குழியில் உமிழ்நீரோ இரத்தமோ பட்டாலும் பிடிப்பு கெடும். ஆகவே ரப்பர் திரையிட்டுப் பல்லைக் காக்கிறார்கள். சுமார் 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து இறுக்குகிறார்கள்.

கசிவை ஆராய்வதும் சுவையானது. பிடுங்கிய பல்லில் அடைப்பு வைத்து, மெத்திலீன் நீலச் சாயத்தில் ஊறவைத்து, நெடுக்காக அறுப்பார்கள். சாயம் எவ்வளவு தூரம் போயிற்றோ அவ்வளவு கசிவு!

ஆகவே தோழியரே, மருத்துவர் அடைப்பு வைக்கையில் பொறுமையாக வாயைத் திறந்திருங்கள். காலையும் இரவும் பல் துலக்குங்கள். அடைத்த பல் கூசினால் அன்றே சொல்லுங்கள். என் அக்காள் நாள் கடத்தியதால் வேர்வரை சிகிச்சை செய்ய நேர்ந்தது. "பல் போனால் சொல் போச்சு" அல்லவா!