வலி இல்லையா? காலைப் பாருங்கள்!

இரவு 11 மணிக்கு மேல் ஆகிவிட்டது. சேரப்பணஞ்சேரி பஸ் நிறுத்தத்தில் தொழிற்சாலை பஸ் வந்து நிற்கிறது. இரண்டாம் ஷிப்டு முடிந்தவர்கள் இறங்குகிறார்கள். காலில் கனமான பூட்ஸ். முனையில் இரும்புத் தகடு வைத்தது. மேலே ஏதாவது விழுந்தால் விரல் நசுங்காமல் காப்பதற்கு.

இறங்கியவர்களில் ஒருவருக்கு வயது 48 என்று வைத்துக்கொள்வோம். பத்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. வீட்டுக்கு வந்து பூட்சைக் கழற்றுகிறார். உள்ளேயிருந்து ஒரு சிறு திருகாணி உருண்டு விழுகிறது. சாக்ஸ் முழுவதும் ரத்தம்.

"ஐயோ, என்னங்க இது? வலிக்கவே இல்லையா?" என்று மனைவி பதறுகிறாள்.

"வலியே இல்லையே! சின்னக் காயம்தான், விடு" என்கிறார் கணவர்.

வலி இல்லை என்று அவருக்கு நிம்மதி. ஆனால், ஆபத்தே அங்கேதான் இருக்கிறது!

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் கார்த் தொழிற்சாலைகளால் பெயர் பெற்றது. அங்கே எட்டு மணி நேரம் நின்றே வேலை செய்பவர்கள் ஏராளம். இந்தியா முழுவதும் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாக 2023-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது. எனவே, மேலே சொன்ன கணவரைப் போன்றவர்கள் எந்தத் தெருவிலும் இருக்கலாம்.

செங்கல்பட்டில் ஒரு கைகுலுக்கல்

வலி இல்லாமை எவ்வளவு பெரிய கேடு என்பதை உலகுக்கு எடுத்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் ஒரு டாக்டர். அவர் அதைக் கண்டறிந்தது நம் தமிழ்நாட்டில்தான்.

ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் வழியாகப் போனால் செங்கல்பட்டு. அதை அடுத்த திருமணியில் ஒரு தொழுநோய் ஆஸ்பத்திரி இருந்தது. 1940-களின் பிற்பகுதியில் டாக்டர் பால் பிராண்ட் அதைப் பார்க்க வந்தார். அவர் 1914-ல் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை டாக்டராக இருந்தவர்.

விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம், "என் கையை அழுத்து, பார்க்கலாம்" என்றார். நோயாளி அழுத்தினார். டாக்டருக்குத்தான் வலி தாங்கவில்லை! பிடி அவ்வளவு பலமாக இருந்தது. தாம் எவ்வளவு அழுத்துகிறோம் என்பது அந்த நோயாளிக்குத் தெரியவில்லை.

இன்னொரு நாள், துருப்பிடித்த பூட்டைத் திறக்க முடியாமல் அவர் திண்டாடினார். ஒரு சிறுவன் வந்தான். சாவியை ஒரே திருகாகத் திருகித் திறந்துவிட்டான். தரையில் ரத்தம் சொட்டியது. விரலைப் பார்த்தால் எலும்பு வரை வெட்டு! பையனுக்கோ ஒன்றுமே தெரியவில்லை.

தொழுநோய் விரலை அரித்துத் தின்றுவிடுகிறது என்றுதான் அதுவரை பலரும் நம்பியிருந்தார்கள். உண்மை அதுவல்ல. நோய் நரம்பைக் கெடுக்கிறது. நரம்பு கெட்டால் வலி போகிறது. வலி போனால் காயம் படுவது தெரியாது. தெரியாத காயத்தின் மேலேயே மறுபடி மறுபடி அடி படுகிறது. விரலை இழப்பது இப்படித்தான் என்று அவர் நிறுவினார்.

ஊசியும் ஆனந்தமும்

அந்த டாக்டருக்கே ஒரு முறை அந்தப் பயம் வந்தது. நீண்ட ரயில் பயணம் முடிந்து, இரவில் லண்டனில் தங்கினார். சாக்சைக் கழற்றும்போது குதிகால் மரத்திருப்பதாகத் தோன்றியது. ஊசியால் குத்தினார். வலிக்கவில்லை! தமக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்று இரவெல்லாம் தூக்கமில்லை. விடிந்ததும் மறுபடி குத்தினார். சுரீர் என்று வலித்தது. ஆனந்தக் கூச்சல் போட்டார்! வெகுநேரம் உட்கார்ந்திருந்ததால் கால் மரத்திருக்கிறது, அவ்வளவுதான். வலி ஒரு வரம் என்று அதன்பின் ஆயுள் முழுவதும் சொல்லிவந்தார்.

1966-ல் அவர் அமெரிக்கா போனார். தொழுநோயாளிகளின் கால் புண்ணைப் பற்றி இங்கே கற்ற பாடம், அங்கே சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் உதவியது. இரண்டு நோய்களும் வேறு வேறு. ஆனால் உணர்ச்சி போன காலுக்கு வரும் துன்பம் ஒன்றுதான்.

மிதிக்காத கால் ஆறும்

"எத்தனை களிம்பு போட்டும் புண் ஆறவில்லையே" என்பது பல வீடுகளில் கேட்கும் புலம்பல்.

காரணம் எளிது. வலிக்கும் காலை நாம் தானாகவே தூக்கிக்கொள்கிறோம், நொண்டுகிறோம். வலி தெரியாதவர் புண்ணின் மேலேயே மிதித்து நடக்கிறார். ஒவ்வோர் அடியிலும் புதுச் சதை நசுங்குகிறது. அதனால்தான் டாக்டர்கள் சிலருக்கு மாவுக்கட்டுப் போடுகிறார்கள். உடம்பின் பாரம் உள்ளங்கால், கணுக்கால், கெண்டைக்கால் என்று பரவிவிடுகிறது. புண்ணின் மேல் விழும் பாரம் குறைகிறது. வேறு சிலருக்குத் தனிச் செருப்புத் தருகிறார்கள். வீட்டுக்குள்ளும் அதைப் போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும். குளியலறைக்குப் போக நாலே அடிதானே என்று வெறுங்காலோடு போவதும் கெடுதல்தான்.

ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்பதையும் டாக்டர் பார்க்க வேண்டும். ஓட்டம் குறைந்த காலுக்கு வைத்தியமே வேறு.

வீட்டில் கட்டு மாற்றும்போது

கட்டு மாற்றும் முறையை நர்சிடம் நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு முறை அவர் முன்னாலேயே செய்து காட்டிவிட்டு வருவது நல்லது.

முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பழைய கட்டு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்கக்கூடாது. சலைன் நீரால் நனைத்து மெதுவாக எடுக்க வேண்டும். டாக்டர் சொன்ன மருந்து மட்டும்தான். மஞ்சள்தூள், காப்பித்தூள், சாம்பல் எதுவும் கூடாது. இறுக்கிக் கட்டக்கூடாது. கழற்றிய பஞ்சையும் துணியையும் தனிப் பையில் கட்டிப் போட்டுவிட்டு மறுபடி கை கழுவ வேண்டும்.

புண்ணைச் சுற்றிச் சிவப்புப் பரவுகிறதா? வீக்கம், நாற்றம், சீழ் உண்டா? தோல் கறுக்கிறதா? காய்ச்சல், குளிர் நடுக்கம் உண்டா? ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டும். "திங்கட்கிழமை பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டு விரலை இழந்தவர்கள் உண்டு.

புண் இல்லாதவரும் இரவில் பாதத்தைப் பார்க்க வேண்டும். விரல் இடுக்கு, குதிகால், உள்ளங்கால் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பூட்ஸ் போடுமுன் உள்ளே கை விட்டுத் துழாவ வேண்டும். கால் ஆணியை பிளேடால் அறுக்கக்கூடாது. வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்கக்கூடாது. மனைவி கையால் பார்த்துச் சொல்லட்டும்.

டாக்டர் முன்னால் இரண்டு பேர்

டாக்டர் சொல்வதில் பாதி, அறையை விட்டு வெளியே வருவதற்குள் மறந்துபோகும். இரண்டு பேர் போனால் நாலு காது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தேதி, சர்க்கரை அளவு, புண்ணின் நீள அகலம், கட்டு மாற்றிய நாள், கேட்க வேண்டிய கேள்வி எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். வேலைக்குப் போடும் பூட்சையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள். புண்ணுக்குக் காரணம் அதற்குள்ளே இருக்கலாம்.

"லீவு போட்டால் சம்பளம் போகுமே!" என்பார் கணவர். நியாயமான கவலைதான். இ.எஸ்.ஐ. சந்தா உரிய காலத்துக்குக் கட்டியிருந்தால், டாக்டர் சான்றிதழின்பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவிகிதம் கிடைக்க வழி இருக்கிறது. கான்டிராக்ட் தொழிலாளிக்கும் இது உண்டு. சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

காலைப் பிடித்தவர்தானே!

மனைவிக்குச் சர்க்கரை இருந்தால்? அப்போது கணவர்தான் காலைப் பார்க்க வேண்டும். "பெண்டாட்டி காலைத் தொடுவதா?" என்று சிலர் கூசுகிறார்கள். கல்யாணத்தன்று அம்மி மிதிக்கும்போது அந்தக் காலைப் பிடித்து மெட்டி போட்டவர் யார்? அவர்தானே!

பணிவிடை செய்பவருக்கும் உடம்பு உண்டு. சமையல், பிள்ளைகள், ஆஸ்பத்திரி, கட்டு என்று மாதக்கணக்கில் ஓடினால் அலுப்பும் எரிச்சலும் வரத்தான் செய்யும். அது குற்றமல்ல. வாரத்தில் ஒரு நாள் மகனோ, மச்சினரோ ஆஸ்பத்திரிக்குத் துணை போகட்டும். கட்டு மாற்ற வீட்டில் இன்னொருவரும் கற்றுக்கொள்ளட்டும்.

உணர்ச்சி போன நரம்புக்கு உயிர் கொடுப்பது பெரும்பாலும் முடியாத காரியம். ஆனால், அந்த நரம்பு செய்த காவல் வேலையை இன்னொருவர் கண் செய்யலாம். ஒரு விளக்கு, ஒரு முக்காலி, மூன்று நிமிடம் போதும்.

நாளை இரவும் தொழிற்சாலை பஸ் வரும். "சாப்பிடுறீங்களா?" என்று கேட்பதற்கு முன், "காலைக் காட்டுங்க" என்று கேளுங்கள்.